குதிரையின் தீராத தலையாட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீவனம் தின்கிறது, குளம்பில் குறையில்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் வெளியே கொண்டுபோய்ப் பத்து நிமிடம் ஓடவிட்டால் தலையை உதற ஆரம்பித்துவிடுகிறது. மாதக்கணக்கில் இப்படி ஒரு குதிரையை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் லாயத்தில் வேலை செய்பவன், கால்நடை மருத்துவர் அல்ல. மருந்தைப் பற்றி வரும் இடங்களை உங்கள் மருத்துவரிடம் பேசுவதற்கான தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குதிரை என்றால் தலையை ஆட்டத்தானே செய்யும்? எதை நோய் என்கிறீர்கள்?

ஆட்டும். ஈ உட்கார்ந்தால் ஆட்டும், தீவன வாளியைக் கண்டால் ஆட்டும், லகானை இழுத்துப் பிடித்தால் முரண்டு பண்ணி ஆட்டும். இந்த நோயில் வருவது வேறு மாதிரி. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று எங்கள் லாயத்துக்கு வந்த செவலை ஒன்று உண்டு. நடையில் இருக்கும்வரை அதனிடம் ஒன்றும் தெரியாது. ஓட்டம் பிடித்துச் சில நிமிடங்களில் மேலுதடு துடிக்கும். மூக்கு விடைத்து ஒரு செருமல். அடுத்த நொடி, மூக்குக்குள் தேனீ புகுந்ததுபோல் மூக்குநுனி வெடுக்கென்று மேலே போய் இறங்கும். பிறகு அதுவே தொடர்ச்சியாக வரும். ஓட்டத்தின் நடுவிலேயே தலையைத் தாழ்த்தி முன்னங்காலில் மூக்கைத் தேய்க்கப் பார்க்கும், அதில் தடுமாறும். நிறுத்தி நிழலில் கட்டினால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

இன்னும் மோசமான குதிரைகள் முன்னங்காலைத் தூக்கித் தங்கள் முகத்தையே அடித்துக்கொள்வதும் உண்டு. பக்கத்துக் குதிரையின் வாலுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு நிற்பதும் உண்டு.

குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு இருக்கின்றன. முன்னங்கால் நொண்டும் குதிரையும் தலையைத் தூக்கிப் போடும், ஆனால் அது காலடிக்குத் தாளம் தப்பாமல் வரும்: வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே போகும். லாயத்தில் அடைபட்ட சலிப்பில் நின்ற இடத்திலேயே இடமும் வலமும் அசைந்துகொண்டிருப்பது இன்னொன்று. அது பழக்கம். நாம் பேசுவது பெரும்பாலும் மேலும் கீழுமாக, சொல்லாமல் கொள்ளாமல், தாளமில்லாமல் வெட்டுவது.

இது சேட்டைதான், நாலு போட்டால் சரியாகும் என்கிறார் பழக்குபவர். அப்படியா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். இது வலி.

முகம், மூக்கு, பல், உதடு எல்லாவற்றுக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோவது டிரைஜெமினல் என்ற முக்கிளை நரம்பு. அதன் ஒரு கிளை கண்ணுக்குக் கீழே எலும்புக்குள் ஓடி மூக்குப் பக்கம் வெளிவருகிறது. அமெரிக்காவில் டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், மயக்கம் கொடுத்த குதிரைகளில் அந்தக் கிளைக்குச் சிறு மின்தூண்டல் கொடுத்துப் பார்த்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். நல்ல குதிரைகளின் நரம்பு 10 மில்லி ஆம்பியரோ அதற்கு மேலோ கொடுத்த பிறகே பதில் காட்டியது. தலையாட்டும் குதிரைகளில் 5 மில்லி ஆம்பியருக்குள்ளாகவே காட்டிவிட்டது. அதாவது, மற்ற குதிரை கண்டுகொள்ளாத காற்று, வெளிச்சம், தூசி எல்லாம் இதன் மூக்கில் சுள்ளென்று அடிக்கிறது. மனிதர்களில் இதே நரம்பில் வரும் முகவலி, பல் துலக்கினாலே உயிர்போகிறது என்று சொல்லவைக்கும் வகை. குதிரையால் அப்படிச் சொல்ல முடியாது, உதறத்தான் முடியும்.

அந்த ஆய்வில் எனக்கு நம்பிக்கை தந்த ஒரு செய்தியும் உண்டு. நோய் அடங்கியிருந்த பருவத்தில் சோதித்த ஒரு குதிரையின் நரம்பு, நல்ல குதிரையின் நரம்பு போலவே நடந்துகொண்டது. பின்னால் நரம்பை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்களும் அதன் உறை தேய்ந்திருக்கவில்லை என்று கண்டார்கள். நரம்பு கெட்டுப்போகவில்லை, அதன் வேலைதான் தடம் மாறியிருக்கிறது.

எனவே அடிப்பது பயன் தராது. வலியில் இருக்கும் மிருகத்துக்கு மேலும் வலி தருவதாகவே முடியும். விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன்படி அது குற்றமும்கூட. தலையைத் தூக்க முடியாமல் வார் போட்டுக் கீழே இழுத்துக் கட்டுவதும் வேண்டாம். வலி அப்படியே இருக்கும், உதற வழியில்லாமல் குதிரை மிரளும்.

சுழி சரியில்லை என்கிறார்கள். திருஷ்டி என்றும் சொல்கிறார்கள்.

குதிரை வாங்கும்போது சுழி பார்ப்பது நம் ஊரில் பழைய வழக்கம், அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் சுழி பிறந்தது முதல் இருப்பது, இந்த ஆட்டமோ நன்றாக இருந்த குதிரைக்கு ஏழெட்டு வயதில் திடீரென்று வருவது. திருஷ்டி கழிப்பதென்றால் கழியுங்கள். அதற்காக மருத்துவரை அழைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எந்தக் குதிரைகளுக்கு வரும்?

எந்த இனத்துக்கும் வரலாம். வெளிவந்த ஆய்வுகளில் காயடித்த ஆண் குதிரைகளே அதிகம், ஏன் என்று உறுதியான விளக்கம் இல்லை. தொற்று நோயல்ல, பக்கத்துக் கொட்டடிக்குப் பரவாது. அரிதான நோயும் அல்ல: பிரிட்டனில் உரிமையாளர்களிடம் கேட்டு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய ஓராண்டில் தலையாட்டம் இருந்ததாகச் சொல்லப்பட்டவை 4.6 சதவீதம்.

மருத்துவர் வந்தால் என்னென்ன பார்க்கச் சொல்ல வேண்டும்?

"நரம்பு நோய்" என்று நேரடியாகக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகு மிஞ்சுவதே இது. அதனால் இந்தக் கட்டத்தில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். சொத்தைப் பல் இருக்க, நரம்பு வலிக்குப் போடும் மூக்குவலையைக் கட்டிக்கொண்டிருந்தால் குதிரைக்குத்தான் நஷ்டம்.

முதலில் வாய். கடைவாய்ப் பல்லின் கூர் விளிம்பு கன்னத்தைக் கிழித்திருக்கிறதா, பல் வேரில் சீழ் இருக்கிறதா என்று வாய்விரிப்பான் போட்டு, விளக்கடித்துப் பார்க்க வேண்டும். ஒற்றை மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் பல் வேரையும் முக எலும்பின் காற்றறையையும் சந்தேகிக்கலாம். அடுத்து காது: உண்ணி, சிற்றுண்ணி, உள்ளே புண். பிறகு தொண்டைப் பக்கம் உள்ள காற்றுப்பைகள், தாடை மூட்டு, காதடியில் நாக்கெலும்பு சேரும் மூட்டு, கழுத்து. இவற்றுக்கு எண்டாஸ்கோப்பும் எக்ஸ்ரேயும் வேண்டியிருக்கும். வெளிநாடுகளில் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள்.

கண்ணை நம் நாட்டில் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். செட்டாரியா என்ற புழு குதிரையின் கண்ணுக்குள் போய்விடுவது இந்தியாவில் அடிக்கடி பதிவாகும் விஷயம். கண்ணின் முன்பக்கத்தில் உள்ள நீரில் வெள்ளை நூல்போல நெளிந்துகொண்டிருக்கும், டார்ச் அடித்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். கண்ணில் நீர் வடியும், வெளிச்சம் பட்டால் கூசும், குதிரை தலையை உதறும். அறுவை செய்து புழுவை எடுத்துவிடலாம். உடல் மெலிந்து விட்டுவிட்டுக் காய்ச்சலும் இருந்தால், மாட்டீக்களால் பரவும் சர்ரா நோய்க்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் நிற்கவில்லை என்றால், முகத்தின் இரு பக்க நரம்பையும் மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டு ஓடவிட்டுப் பார்ப்பது உண்டு. ஆட்டம் குறைந்தால் முகவலிதான் என்பது கிட்டத்தட்ட உறுதி. அனுபவமுள்ள கை செய்ய வேண்டிய வேலை அது. சென்னை வேப்பேரி, நாமக்கல் போன்ற இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரித்து, குதிரை பார்த்துப் பழகியவரிடம் காட்டுவது நல்லது.

வலி ஊசி போட்டும் நிற்கவில்லை. அப்படியானால் வலி இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஃபீனைல்பியூட்டசோன், ஃபுளுனிக்சின் போன்ற வழக்கமான மருந்துகள் வீக்கத்தால் வரும் வலிக்கு. நரம்பே தவறாகச் சமிக்ஞை அனுப்புவதால் வரும் வலிக்கு அவை பெரும்பாலும் கேட்பதில்லை. இதைக் காட்டியே "பார், இது நடிப்பு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

வெயிலில் அதிகமாகிறது. பருவத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கலிபோர்னியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகளைப் பற்றி உரிமையாளர்களிடம் விசாரித்ததில், ஏறக்குறைய அறுபது சதவீதம் குதிரைகளுக்குப் பருவத்தோடு வந்து போவதாகத் தெரிந்தது. வசந்தத்தில் தொடங்கும், கோடையில் உச்சம், குளிர் வந்தால் அடங்கும். பகல் நீள்வது இதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். வெயிலைத் தவிர காற்று, தூறல், மகரந்தம், பூச்சி இவற்றாலும் சில குதிரைகளுக்குக் கிளம்பும்.

ஆனால் அங்கே எழுதும் மாதக் கணக்கை இங்கே அப்படியே பொருத்தாதீர்கள். இங்கிலாந்தில் கோடைப் பகல் பதினாறு மணி நேரத்தைத் தாண்டும், குளிர்காலப் பகல் எட்டு மணிதான். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ஆகவே நம் ஊரில் "சீசன்" அவ்வளவு தெளிவாகத் தெரியாமல் போகலாம். உங்கள் குதிரைக்கு எது தூண்டுதல் என்பதை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், வெயிலா மேகமா, காற்று உண்டா, எங்கே ஓட்டினீர்கள், எத்தனை நிமிடத்தில் ஆரம்பித்தது என்று எழுதுங்கள். பக்கத்தில் ஒரு மதிப்பெண்: ஆட்டமே இல்லை என்றால் 0, லேசாக மூக்கு துடித்தால் 1, ஓட்டும்போது தெளிவாக வெட்டினால் 2, சும்மா நிற்கும்போதே வெட்டினாலோ ஓட்டவே முடியாவிட்டாலோ 3. வாரம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிட்டு செல்போனில் படம் எடுங்கள். மருத்துவர் வரும் நாளில் பார்த்துக் குதிரை சாதுவாக நிற்கும். அப்போது அந்தப் படம் பேசும்.

இன்னொன்று: ஒரே வாரத்தில் வலையும் போட்டு, தீவனத்தையும் மாற்றி, மருந்தையும் தொடங்காதீர்கள். குறைந்தால் எதனால் குறைந்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், இரண்டு மூன்று வாரம் பாருங்கள், பிறகு அடுத்தது.

முதலில் எதை முயன்று பார்க்கலாம்?

மூக்குவலை. செலவு குறைவு, பக்கவிளைவு இல்லை, பலிக்குமா என்பது அன்றே தெரிந்துவிடும். கிட்டத்தட்ட கால்வாசிக் குதிரைகளுக்கு எழுபது சதவீதமோ அதற்கு மேலோ ஆட்டம் குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன, இன்னும் பலவற்றுக்கு ஓரளவு குறைகிறது. வலை தூசியை வடிகட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அதைவிட, அது உதட்டிலும் மூக்கிலும் மெல்ல உரசிக்கொண்டே இருப்பதால் அந்தத் தொடுவுணர்வு வலியை மங்கச் செய்கிறது என்ற விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. நமக்கு முழங்கை இடித்தால் தேய்த்துவிட்டுக்கொள்கிறோம் அல்லவா, அந்த வேலையை வலை செய்கிறது.

மெல்லிய நைலான் வலையை மூக்குப்பட்டையில் முடிந்து, மூக்குத் துவாரத்தையும் மேலுதட்டையும் மூடித் தொங்கும்படி விட வேண்டும். வாயை மூட வேண்டியதில்லை. மூக்கு விடைக்கும்போது வலை இறுகக் கூடாது, அதே சமயம் உதட்டைத் தொடாமல் தூரமாகத் தொங்கினாலும் பயனில்லை. ஆயத்த வலை கிடைக்காவிட்டால், பெண்கள் அணியும் மெல்லிய நைலான் ஸ்டாக்கிங்கை வெட்டிக் கட்டிப் பார்க்கலாம், சோதித்துப் பார்க்க அது போதும். முதல் நாள் கொட்டடிக்குள்ளேயே கட்டிப் பழக்குங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், ஆளில்லாத நேரத்தில் எங்காவது மாட்டிக்கொள்ளும். வியர்வை காய்ந்து விறைத்த வலை முகத்தை அறுக்கும், தினமும் அலசிப் போடுங்கள். பிரிட்டனில் டிரெஸ்ஸாஜ் என்ற குதிரை நடைப் போட்டிகளிலேயே இந்த வலைக்கு அனுமதி உண்டு.

வெளிச்சத்தால் கிளம்பும் குதிரைக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்மூடி உதவும். பொழுது விடியுமுன் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு வேலை வாங்குங்கள். பகலில் நிழலான, காற்றோட்டமுள்ள கொட்டடி, மேய்ச்சல் இரவில். வைக்கோலை நனைத்துப் போடுங்கள். மணல் களத்தில் தண்ணீர் தெளியுங்கள். பூச்சிக்குச் சாம்பிராணிப் புகை போடுபவர்கள் கவனிக்கவும்: சில குதிரைகளுக்கு அந்தப் புகையே தூண்டுதலாகிவிடலாம்.

கடிவாளத்தை மாற்றினால் சரியாகுமா?

கடிவாளம்தான் காரணம் என்றால் சரியாகும். கடிவாளமே இல்லாமல், வெறும் தலைக்கயிற்றோடு ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் வெட்டினால் காரணம் வேறு. நரம்பு நோய்க் குதிரைகளிலும் சிலவற்றுக்கு வாயில் இரும்பு இல்லாத தலைக்கட்டு கொஞ்சம் சுகம் தருகிறது. மூக்குப்பட்டை மட்டும் நரம்பு வெளிவரும் இடத்தில் அழுத்தக் கூடாது.

மருந்து உண்டா?

இரண்டு மருந்துகளின் பெயர் அடிக்கடி அடிபடும். ஒன்று சிப்ரோஹெப்டடின். நம் ஊரில் குழந்தைகளுக்குப் பசியெடுக்கக் கொடுக்கும் டானிக்கில் இருப்பது. இன்னொன்று கார்பமசெபின். மனிதர்களுக்கு வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் தருவது. சில குதிரைகளுக்கு இவை தனித்தனியாகவோ சேர்த்தோ உதவுகின்றன, பலவற்றுக்கு உதவுவதில்லை. கார்பமசெபின் கொடுத்தால் குதிரை தூங்கி வழியும், அந்த நிலையில் மேலே ஏறுவது ஆபத்து. குதிரையின் உடல் அதை வேகமாகச் செரித்துவிடுவதால் ஒரு நாளுக்குப் பல வேளை கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டும் மனித மருந்துக்கடையில் இருக்கிறது என்பதற்காக நீங்களாக அளவு போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். போட்டியில் இறங்கும் குதிரைக்கு இவை ஆகாது.

ஸ்டீராய்டு கேட்காது. விட்டுவிட்டு டெக்ஸாமெத்தசோன் கொடுத்துச் செய்த சோதனையில் பலன் இல்லை, அதோடு குளம்பு அழற்சி வரும் அபாயமும் உண்டு.

மக்னீசியம்?

மேலே சொன்ன டேவிஸ் மருத்துவர்கள் ரத்தக்குழாய் வழியாக மக்னீசியம் சல்பேட் செலுத்தியபோது ஆட்டம் சுமார் 29 சதவீதம் குறைந்தது. அது மருத்துவமனையில், கண்காணிப்போடு செய்தது. தீவனத்தில் மக்னீசியமும் போரானும் சேர்த்துக் கொடுத்த ஆய்விலும் குறைந்தது. மூக்குவலைக்கு அடுத்தபடியாக இதை முயலலாம் என்பது என் கருத்து. ரத்தத்தில் அளவு பார்த்த பிறகு, மருத்துவர் சொல்லும் அளவில். அதிகமானால் வயிறு கழியும், சிறுநீரகம் பழுதான குதிரைக்கு ஆபத்து.

அறுவை சிகிச்சை செய்து நரம்பை வெட்டிவிட முடியாதா?

வெட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலும் பலிக்கவில்லை, வெட்டிய முனையில் முடிச்சு வளர்ந்து வலி கூடியதும் உண்டு. இப்போது யாரும் அதைச் செய்யச் சொல்வதில்லை. பிறகு பிளாட்டினச் சுருளை எலும்புக்குள் வைத்து நரம்பை அழுத்திப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிக் குதிரைகளுக்குப் பலன் கிடைத்தது. ஆனால் பலவும் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டன, சிலவற்றைக் கருணைக்கொலை செய்ய வேண்டிவந்தது.

இன்று நம்பிக்கை தருவது, மயக்கம் கொடுத்து நின்ற நிலையிலேயே தோலுக்கடியில் மெல்லிய ஊசி வைத்து நரம்புக்கு மின்தூண்டல் கொடுக்கும் முறை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக மருத்துவர்கள் குதிரைக்காக வகுத்தது. 2019-ல் வெளியான ஆய்வில் 168 குதிரைகள், மூன்று முறை செய்த பிறகு 53 சதவீதம் பழைய வேலைக்குத் திரும்பின. நிவாரணம் கிடைத்தவற்றில் பாதிக்கு அது ஒன்பதரை வாரமோ அதற்கு மேலோ நீடித்தது. சில குதிரைகளுக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தது, சிலவற்றுக்குச் சில நாள்தான். நரம்பைச் சேதப்படுத்தாமல் செய்வது என்பதுதான் இதன் பெரிய நன்மை.

சவாரி செய்யலாமா? வண்டியில் பூட்டலாமா?

மதிப்பெண் 0, 1 என்றால் தூண்டுதல் இல்லாத நேரத்தில், ஹெல்மெட் போட்ட, அனுபவமுள்ளவர் ஏறலாம். 2 என்றால் நான் ஏறமாட்டேன், யாரையும் ஏற்றமாட்டேன். குதிரை தலையைத் தூக்கி வீசும்போது ஏறியவரின் முகம் உடையும், முன்னங்காலில் மூக்கைத் தேய்க்கப் போய்க் குதிரையோடு விழுவார்கள். சாலையில் வண்டி பூட்டவே கூடாது. கண நேரம் குதிரையின் கவனம் பாதையில் இல்லாமல் போகும், எதிரே பஸ் வரும். குழந்தைகள் ஏறும் கடற்கரைக் குதிரைக்கும் இதே விதி.

வேலை நின்றால் பல குதிரைகளுக்கு ஆட்டமும் வெகுவாகக் குறைகிறது. இரவில் மேய்ந்து, பகலில் நிழலில் நின்று, துணைக்கு இன்னொரு குதிரையோடு அவை நல்லபடியாக வாழும். வருமானம் தராத குதிரைக்குத் தீவனம் போடுவது எல்லோராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே முதல் மாதத்திலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள் என்கிறேன்.

எப்போது போதும் என்று முடிவெடுப்பது?

சும்மா நிற்கும்போதும் வெட்டுகிறது, புல்லில் வாய் வைத்ததும் துள்ளி விலகுகிறது, தண்ணீர்த் தொட்டியில் மூக்கை வைக்கப் பயப்படுகிறது, சுவரில் தேய்த்து முகம் புண்ணாகியிருக்கிறது, எடை குறைகிறது, வலையும் மருந்தும் இருட்டுக் கொட்டடியும் பலிக்கவில்லை. இந்த நிலை வாரக்கணக்கில் தொடர்ந்தால் கருணைக்கொலை பற்றி மருத்துவரிடம் பேசுவது பாவமில்லை. ஓட்ட முடியுமா முடியாதா என்பதை வைத்து இந்த முடிவை எடுக்காதீர்கள். தின்னவும் குடிக்கவும் படுத்துத் தூங்கவும் முடிகிறதா என்பதை வைத்து எடுங்கள்.

விற்றுவிடலாமா? அந்தியூர்ச் சந்தை வருகிறது.

சொல்லி விற்பதானால் விற்கலாம். ஆட்டம் அடங்கியிருக்கும் சமயம் பார்த்து, மறைத்து விற்றால், அடுத்த வெயிலில் வாங்கியவர் அதை அடிப்பார். அவருக்கும் காரணம் தெரியாது, அதையும் கைமாற்றிவிடுவார். இப்படிக் கைமாறிக் கைமாறிக் கடைசியில் பாரவண்டிக்குப் போய்ச் சேரும் குதிரைகள் இருக்கின்றன. வாங்க வருபவரிடம் செல்போன் படத்தைக் காட்டுங்கள். அதன் பிறகும் கேட்டால், எந்த நேரத்தில் ஓட்டலாம், எது ஆகாது என்று எழுதிய நோட்டுப் புத்தகத்தையும் வலையையும் குதிரையோடு சேர்த்துக் கொடுங்கள்.